எந்தக் கை வெட்டியது

நிருஷா சலூனுக்குள் வந்தபோது காலை எட்டரைகூட ஆகவில்லை. கம்சாயினி அப்போதுதான் சீதேவிப்பிள்ளையின் தலைக்கு டை பூசி முடித்து, பிளாஸ்டிக் தொப்பியை மாட்டிவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த பெண்ணை அவள் முன்பின் பார்த்ததில்லை. இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். இளநீலச் சாரி, கசங்காத பிளவுஸ். ஆனால் காலில் கிணற்றடிக்குப் போகிற இறப்பர்ச் செருப்பு. தலையைச் சால்வையால் மூடி, அதை நாடிக்குக் கீழே விரல்களால் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“அக்கா, கதவப் பூட்டலாமா?” என்றுதான் முதலில் கேட்டாள்.

“என்னத்துக்குப் புள்ள?”

அவள் பிடியை விட்டாள். சால்வை தோளில் விழுந்தது.

கம்சாயினி பதினெட்டு வருடமாக முடி வெட்டுகிறவள். பிள்ளைகள் கத்தரியோடு விளையாடிக் கெடுத்த தலை, சூயிங்கம் ஒட்டிய தலை, வீட்டிலே கலர் பூசிப் பொசுக்கிய தலை எல்லாம் பார்த்திருக்கிறாள். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. உச்சியில் நாலு விரல் நீளத்துக்கு முடி குத்திட்டு நின்றது. பிடரியில் தோள்வரைக்கும் கிடந்தது. இடது நெற்றியில் ஒரு கொத்து மட்டும் தனியாக அரிந்து, புருவத்தோடு நின்றது. நுனிகள் எல்லாம் நார் நாராகக் கிழிந்திருந்தன. உச்சிக்குச் சற்றுப் பின்னால் ஒரு நாணயக் குற்றி அளவு இடத்தில் முடி வேரோடு போய், தோல் சிவந்து கன்றியிருந்தது.

சீதேவிப்பிள்ளை பிளாஸ்டிக் தொப்பியோடு எழுந்துபோய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். அவள் உப தபாலகத்தில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். யார் கடிதத்தில் என்ன இருக்கும் என்று உறையின் முகத்தைப் பார்த்தே சொல்லக்கூடியவள் என்று ஊரில் பேர்.

“பதினொண்டரைக்கு எனக்கு இன்டர்வியூ,” என்றாள் நிருஷா. “மட்டக்களப்பில. ஆய்வுகூடமொண்டில, ஆக்களைப் பதியிற வேலை. நான் கட்டாயம் போகோணும் அக்கா.”

கம்சாயினி கேட்கவில்லை. கேட்பது அவள் வழக்கமில்லை. பத்தொன்பது வயதில் வெள்ளவத்தையில் ஒரு சலூனில் தரை கூட்டச் சேர்ந்த நாளில் அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம் அது. கதிரையில் இருக்கிறவர் சொன்னால் கேட்கலாம். நாமாக வாயைத் திறக்கக் கூடாது. வாவியில் வலை போட்ட அப்பனுக்கு ஐந்து பெண்பிள்ளைகள். ஊரார் வாயில் விழாமல் ஐந்து பேரும் கரைசேர வேண்டும் என்பதே அந்த வீட்டின் பெரிய கவலையாக இருந்தது. அடுத்த வீட்டுச் சண்டை கேட்டால் யன்னலைச் சாத்திவிடுவார்கள். அவள் தன் ஊரான ஆரையம்பதிக்குத் திரும்பி, ரதீஸைக் கட்டி, வீட்டு முன்னறையைச் சலூனாக்கி, ரதீஸ் கட்டாருக்குப் போனபிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கலியாணப் பெண்ணின் மேற்கையில் நாலு விரல்தடம் இருந்தது. கம்சாயினி அதன்மேல் இரண்டு பூச்சுப் பூசி மறைத்து, “வடிவா இரிக்கீங்க மகள்” என்று சொல்லி அனுப்பினாள். எட்டு மாதம் கழித்து அதே பெண்ணைச் சந்தையில் கண்டாள். கை மாவுக்கட்டில் தொங்கியது. அந்தப் பெண் இவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது இவளுக்கு எத்தனையோ நாள் சோறு இறங்காமல் செய்தது. ஆனாலும் சட்டம் சட்டமாகவே இருந்தது.

இப்போதும் அவள் கேட்கவில்லை. நிருஷாவே சொன்னாள். அவர்கள் இருப்பது கொக்கட்டிச்சோலைப் பக்கம். கணவன் பெயர் விஜிதரன். வேலைக்குப் போகக் கூடாது என்று ஒரு கிழமையாகச் சண்டை. காலையில் முழுகிவிட்டு, ஈரமுடியை விரித்துவிட்டுச் சாரி உடுத்துக்கொண்டு நின்றாளாம். பின்னால் வந்து முடியைக் கையில் சுற்றி மேலே இழுத்தானாம். குசினிக் கத்தியால் அறுத்தானாம். அவள் திமிறித் திரும்பியபோது முன்முடி ஒரு கொத்தும் போனது.

“இப்ப போ பாப்பம் எண்டு சொன்னார்,” என்றாள். “குளிக்கப் போனார். நான் பேக்கை எடுத்துக்கிட்டு பஸ் ஏறிட்டன். மண்முனைப் பாலத்தால வரக்குள்ள எல்லாரும் என்னையே பாத்த மாதிரி இரிந்திச்சு. சந்தியில இறங்கினதும் உங்கட சலூன் போர்டைக் கண்டன்.”

“சண்டாளன்,” என்றாள் சீதேவிப்பிள்ளை.

கம்சாயினி அந்த முடியைக் கையால் அளைந்து பார்த்தாள். அடர்த்தியான முடி. ஈரம் காயக் காயச் சுருள் ஏறிக்கொண்டிருந்தது. ஒரே மட்டமாக வெட்ட நினைத்தால் ஆகக் கட்டையான இடத்துக்கு எல்லாவற்றையும் கொண்டுவர வேண்டும். பொடியன்களின் தலை மாதிரி ஆகிவிடும். அதைச் சொன்னாள்.

நிருஷா கண்ணாடியைப் பார்க்காமலே தலையை ஆட்டினாள். “அப்பிடி வெட்டினா எல்லாரும் என்ன நடந்ததெண்டு கேப்பாங்க. எனக்கு அது வேணாம். நான் ஆசைப்பட்டு வெட்டின மாதிரி இரிக்கோணும். அழுதிட்டு வந்து வெட்டின மாதிரி இரிக்கப்படாது.”

கம்சாயினி கதிரையைச் சுற்றி வந்து பார்த்தாள். மேலே கட்டை, கீழே நீளம், முன்னால் புருவத்தோடு ஒரு கொத்து. அவன் இழுத்து வெட்டிய விதத்தில் ஒரு வெட்டின் எலும்புக்கூடு கிடந்தது அவளுக்குத் தெரிந்தது. தொலைபேசியை எடுத்து இரண்டு மூன்று படங்களைத் தேடிக் காட்டினாள்.

“இதுக்கு ஷாக் கட் எண்டு சொல்லுவாங்க. மேல கட்டை, பிறகு படிப்படியா லேயர், கீழ நீளம். முன்னுக்கு நெத்தியில பேங்ஸ் விழும். கொழும்பில ஆக்கள் இதுக்கெண்டே நாள் குறிச்சு வந்து வெட்டுறாங்க. சுருள் முடிக்குத்தான் இது நல்லாயிரிக்கும்.”

நிருஷா படத்தைப் பார்த்தாள். “இது பாட்டுக்காரி மாதிரி இரிக்கே அக்கா. இன்டர்வியூல சிரிக்க மாட்டாங்களா?”

“கொஞ்சம் அடக்கமா வெட்டுவன். உச்சியப் பெரிசா எழுப்ப மாட்டன். பேங்ஸ நேரா கோடு போட்ட மாதிரி வெட்டாம, நடுவுல கட்டையா, ரெண்டு கன்னத்துப் பக்கமும் சரிஞ்சி லேயரோட சேர்ற மாதிரி.” நிறுத்திவிட்டு, உண்மையையும் சொன்னாள். “ஒண்டு சொல்லிப் போடுறன். சுருள் முடியில இந்த வெட்டு நான் ரெண்டே ரெண்டு தரந்தான் வெட்டியிரிக்கன். இஞ்ச ஒருத்தரும் கேக்கிறல்ல. பிழை விட்டா பிறகு பொடியன் வெட்டுத்தான்.”

“பிழை விடாதீங்க,” என்றாள் நிருஷா.

எட்டே முக்காலுக்குத் தொடங்கினாள். நனைத்து வெட்டலாமா என்று முதலில் யோசித்து, வேண்டாம் என்று முடிவெடுத்தாள். சுருள் முடி நனைந்தால் நீண்டு காட்டும். காய்ந்ததும் இரண்டு விரல் மேலே ஏறிவிடும். ஏற்கெனவே கட்டையாக இருக்கிற தலையில் அந்த இரண்டு விரலைப் பறிகொடுக்க முடியாது. அரைகுறையாகக் காய்ந்திருந்த முடியை நன்றாகக் காயவிட்டு, பிரித்துக் கிளிப் போட்டு, ஒவ்வொரு சுருளாக எடுத்துக் கத்தரி நுனியால் கிள்ளிக் கிள்ளி வெட்டினாள். கிழிந்த நுனிகளை மட்டும் எடுத்தாள். உச்சி நீளத்தை அப்படியே வைத்து, அதிலிருந்து காதுவரைக்கும் ஒரு படி, காதிலிருந்து தோள்வரைக்கும் இன்னொரு படி. முடி போன இடத்துக்கு மேலே வந்து விழும்படி உச்சியில் ஒரு கற்றையை விட்டுவைத்தாள். சீப்பு அந்த இடத்துக்குக் கிட்டப் போனபோதெல்லாம் நிருஷா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்பது மணிக்குக் கறண்ட் போனது. போகும் என்று முதல்நாளே அறிவித்திருந்தார்கள், அவள்தான் மறந்துபோனாள். காற்றாடி நின்றது. ட்ரையர் இல்லை. யன்னல் பக்கமாகக் கதிரையைத் திருப்பி, வெளிச்சத்தில் தொடர்ந்தாள்.

மோட்டார் சைக்கிள் வந்து நின்ற சத்தம் கேட்டபோது ஒன்பதே கால். நிருஷா திரும்பிப் பார்க்கவில்லை. சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. அவளுடைய கைகள் துணிப் போர்வைக்குக் கீழே கதிரையின் கையைப் பற்றிக்கொண்டன.

கண்ணாடிக் கதவில் யாரோ விரலால் தட்டினார்கள். பலமாக அல்ல. கம்சாயினி கத்தரியைக் கையில் வைத்தபடியே போய், தாழ்ப்பாளை எடுக்காமல், மேலே திறக்கிற சின்னக் கண்ணாடியைத் திறந்தாள்.

வெள்ளைச் சேட்டு, படிய வாரிய தலை. முகத்தில் சிரிப்பிருந்தது. கையில் ஒரு சோடி பெண்கள் சப்பாத்து. இன்டர்வியூவுக்கென்று நிருஷா துடைத்து வைத்திருந்ததாக இருக்க வேண்டும்.

“அக்கா, என்ட பொஞ்சாதி உள்ள இரிக்காவாம். சந்தியில ஓட்டோக்காரர் ஒருத்தர் சொன்னார். சப்பாத்தை விட்டுட்டு வந்திட்டா.”

“ஆம்பிளயள் உள்ள வரேலா தம்பி.”

“நான் வரல்ல. அவவ அனுப்புங்க.” குரலைத் தாழ்த்தினான். “கோவத்துல தன்ட முடியத் தானே வெட்டிக்கிட்டா அக்கா. கொஞ்ச நாளா மனநிலை சரியில்ல. வெளிய விட்டா எங்களுக்குத்தான் பயம். வீட்டில வச்சிப் பாக்கோணும்.”

அவன் அதைச் சொன்ன விதத்தில் ஒரு கவலை இருந்தது. தெரியாத ஒருவர் நம்பியிருப்பார். கம்சாயினியின் விரல்களில் அந்த முடியின் நுனி இன்னும் ஒட்டியிருந்தது. அவன் சொல்வது பொய் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சொல்லியிருக்கலாம்.

“தலையில பாதி வேலையில நிக்குது,” என்றாள். “முடிஞ்சாப் பிறகு பாப்பம்.”

“நான் இரிக்கன். ஆறுதலா முடிங்க.”

அவன் வீதியைக் கடந்து, எதிரே வேம்புக்குக் கீழே மோட்டார் சைக்கிளை நிறுத்தி, அதன்மேல் ஏறியிருந்தான். சப்பாத்தை முன்னால் பெற்றோல் தொட்டியின் மேல் வைத்துக்கொண்டான்.

“பொலிசுக்கு அடிக்கட்டா?” என்றாள் சீதேவிப்பிள்ளை, தொலைபேசியைக் கையிலெடுத்து.

“இப்ப வேணாம் அன்ரி,” என்றாள் நிருஷா. “பொலிஸ் வந்தா விசாரணை, வாக்குமூலமெண்டு பதினொண்டரை தாண்டிப் போயிரும். அவருக்கு வேணுமெண்டதும் அதுதான். இன்டர்வியூ முடியட்டும். நான் நேரே பொலிசுக்குப் போறன்.”

பின்பக்கமும் இரண்டு பக்கமும் முடியப் பத்து மணியானது. இனி மிச்சம் பேங்ஸ். முழு வெட்டிலும் பிழை விட முடியாத இடம் அது. அரிந்த கொத்துப் புருவத்தோடு நின்றது. மற்றப் பக்க முடியை அதற்குச் சரியாக இறக்க வேண்டும். ஒரு நூல் கூடினால் ஒருபக்கம் கோணும். அதைச் சரிசெய்யப் போனால் நெற்றியின் நடுவுக்கு ஏறிவிடும். கம்சாயினி முன்முடியை முக்கோணமாகப் பிரித்தாள். யன்னலுக்கு வெளியே வேம்பு, வேம்பின் கீழே வெள்ளைச் சேட்டு. அவன் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

கத்தரியைக் கிட்டக் கொண்டுபோனபோது நுனி ஆடியது. எடுத்துவிட்டாள். கையை உதறினாள். திரும்பக் கொண்டுபோனாள். திரும்பவும் ஆடியது.

“அக்கா,” என்றாள் நிருஷா, கண்ணை மூடியபடி. “கை நடுங்குதா?”

“ஓம்.”

“எனக்கும் உள்ளுக்கு நடுங்குது. கொஞ்சம் நிப்பாட்டிட்டு வெட்டுங்க. நேரமிரிக்கு.”

கம்சாயினி போய் யன்னல் திரையை இழுத்துவிட்டாள். அறை மங்கியது. சீதேவிப்பிள்ளை தொலைபேசி வெளிச்சத்தைப் போட்டு, கிட்ட வந்து தூக்கிப் பிடித்தாள். அந்த வெளிச்சத்தில் கம்சாயினி முதலில் மூக்குத்தண்டளவுக்கு வெட்டினாள். விட்டதும் சுருண்டு மேலே போனது. இன்னும் கொஞ்சம். கத்தரியை நேராகப் போடாமல் நிமிர்த்திப் பிடித்து, நுனிகளுக்குள் விட்டு விட்டு எடுத்தாள். நடுவில் புருவம், அதிலிருந்து கன்னத்துக்குச் சரிவு. அவன் அரிந்த கொத்து மெல்ல மெல்ல மற்ற முடிக்குள் மறைந்துபோனது. எங்கே தொடங்கியது என்று வெட்டியவளுக்கே தெரியாமல் போனபோதுதான் கையை எடுத்தாள்.

ட்ரையர் இல்லாததால் தலையில் தண்ணீர் தெளித்து, ஒரு விரல் நுனியளவு கிறீம் தடவி, ரதீஸின் பழைய பெனியன் ஒன்றால் சுருள்களைக் கீழிருந்து மேலே கசக்கிக் கசக்கி விட்டாள். துவாயால் துவட்டினால் முடி பிரிந்து பறக்கும். தானாகக் காயவேண்டும். பேங்ஸை மட்டும் விரலில் சுற்றி விட்டாள்.

பத்து மணி முப்பத்தைந்து. நிருஷா கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அழுவாள் என்று கம்சாயினி நினைத்தாள். அவள் நெற்றி முடியை இரண்டு விரலால் தொட்டு, “கண்ணுக்குள்ள விழுமா?” என்று கேட்டாள்.

“ஒண்டரை மாசத்தால விழும். வந்தா வெட்டிவிடுவன்.”

“பின்வளவால போகலாம்,” என்றாள் சீதேவிப்பிள்ளை. “வாவிக்கரை ஒழுங்கையால போனா அவன் காணமாட்டான்.”

நிருஷா சாரித் தலைப்பைச் சரிசெய்தாள். “நான் ஒளிச்சிப் போனா, முடி வெட்டினதுக்கு வெக்கப்பட்டு ஓடினதாத்தான் ஊரில சொல்லுவார். முன்னாலேயே போறன்.”

சீதேவிப்பிள்ளை பிளாஸ்டிக் தொப்பியோடும், கழுத்தில் வழிந்த கறுப்புச் சாயத்தோடும் வீதிக்கு இறங்கினாள். எதிரே இருந்தவனை ஒரு தூசுக்கும் மதிக்காமல் சந்தியைப் பார்த்துக் கையைத் தட்டினாள். “றமீஸ்! டேய் றமீஸ்! ஓட்டோவக் கொண்டு வா இஞ்ச!”

காத்தான்குடி றமீஸ் சந்தியில் நிறுத்துகிறவன். சலூன் படியோடு ஒட்டி ஓட்டோவை விட்டான். கம்சாயினி தன் சப்பாத்தை நிருஷாவின் காலில் போட்டுவிட்டு, கதவைத் திறந்து, அவளோடு வெளியே வந்தாள்.

விஜிதரன் வீதியைக் கடந்து வந்தவன் நடுவில் ஒரு கணம் நின்றான். சால்வை மூடிய தலையை எதிர்பார்த்திருப்பான். சுருள்கள் தோளில் ஆட, நெற்றியில் முடி விழ, நிமிர்ந்து நின்றவளை அவனுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் சிரிப்புப் போனது.

“ஆரிட்டக் கேட்டு இப்பிடி வெட்டின நீ?”

“தொடக்கினது நீங்க,” என்றாள் நிருஷா. “நான் முடிச்சன்.”

அவன் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தான். சப்பாத்துகள் தார் வீதியில் விழுந்தன. கம்சாயினி என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. தன் கையை அவன் கையின்மேல் வைத்தாள். இழுக்கவில்லை, அடிக்கவில்லை. வைத்தபடியே நின்றாள். அவனுடைய விரல்கள் இரும்பு மாதிரி இருந்தன.

“விடுங்க தம்பி. எல்லாரும் பாக்கிறாங்க.”

உண்மைதான். பலசரக்குக் கடைக்காரர் வாசலுக்கு வந்திருந்தார். பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். றமீஸ் எஞ்சினை நிறுத்தாமலே காலை வெளியே வைத்தான். விஜிதரன் சுற்றிப் பார்த்தான். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தான்.

“போ,” என்றான். “திரும்பி வீட்டுக்குத்தானே வரோணும்.”

கம்சாயினியும் ஓட்டோவில் ஏறிக்கொண்டாள். சலூனைப் பூட்டவில்லை, சீதேவிப்பிள்ளை உள்ளே இருந்தாள். ஆய்வுகூடம்வரைக்கும் அவன் பின்னால் வந்தான். காத்தான்குடியில் பேரீச்ச மரங்கள் நிற்கிற இடத்தில் நெரிசல். மோட்டார் சைக்கிள் ஓட்டோவின் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. அவன் பக்கத்தில் வந்தான், பின்னால் போனான், மறுபக்கம் வந்தான். றமீஸ் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, “அக்கா, பயப்புடாதீங்க, நான் விடமாட்டன்” என்றான். கல்லடிப் பாலத்தில் காற்று உள்ளே அடித்தபோது நிருஷா இரண்டு கையாலும் நெற்றி முடியைப் பொத்திக்கொண்டாள். கம்சாயினிக்கு அந்த நேரத்திலும், நல்லதுக்குத்தான் இந்தக் காற்று, முடி காயும் என்று தோன்றியது.

ஆய்வுகூட வாசலில் காவலாளி நின்றார். நிருஷா உள்ளே போனாள். அவன் எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் நின்று, பிறகு காணாமல் போனான். கம்சாயினி வாசலில் கிடந்த வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தாள். ஒரு மணித்தியாலம் கழித்து நிருஷா வெளியே வந்தபோது முகத்தில் முதன்முறையாகச் சிரிப்பின் சாயல் இருந்தது. கேள்வி கேட்ட மூன்று பேரில் ஒருவர் பெண்ணாம். எல்லாம் கேட்டு முடித்து எழும்பும்போது அவர் கேட்டாராம்: “இந்த வெட்டு எங்க வெட்டினீங்க?”

அங்கிருந்து நேரே பொலிசுக்குப் போனார்கள். அன்று மாலையே நிருஷா உன்னிச்சையில் இருந்த சின்னம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சீதேவிப்பிள்ளையின் டை மூன்று மணித்தியாலம் ஊறி, நெற்றி, காது, பிடரி எல்லாம் கறுத்து, ஒரு கிழமை அவள் வெளியே தலைகாட்டவில்லை.

கதை அதோடு முடியவில்லை. கம்சாயினிக்கு அதற்குப் பிறகுதான் கெட்ட காலம் தொடங்கியது. குடும்பத்தைப் பிரித்தவள் என்று பேர் பரவியது. விஜிதரனின் தாய் ஒருநாள் சலூன் வாசலில் வந்து நின்று மண்ணை அள்ளி வீசிச் சாபம் போட்டாள். அந்த மாதம் பேசியிருந்த இரண்டு கலியாணப் பெண் அலங்காரங்கள் காரணம் சொல்லாமல் நின்றுபோயின. பேர் சொல்லாத அழைப்புகள் வந்தன. எடுத்தால் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். ரதீஸ் கட்டாரிலிருந்து, “உனக்கெதுக்குத் தேவையில்லாத சோலி? ரெண்டு புள்ளயளோட தனிய இரிக்காய்” என்று கோபப்பட்டான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவள் பிள்ளைகளைப் பாடசாலைக்குத் தானே கொண்டுபோய் விட்டுக் கூட்டிவரத் தொடங்கினாள்.

நிருஷா நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்டு விண்ணப்பித்திருந்தாள். விசாரணையில், அவள் தன் முடியைத் தானே வெட்டிக்கொண்டு பழி போடுகிறாள் என்பதே விஜிதரனின் பதில். பார்த்த சாட்சி வீட்டில் யாருமில்லை. சலூன்காரி வந்து சொல்வாரா என்று நிருஷாவின் சட்டத்தரணி கேட்டு அனுப்பினார். கம்சாயினி இரண்டு நாள் பதில் சொல்லாமல் இருந்தாள். மூன்றாம் நாள் தானே தொலைபேசி எடுத்து, “வாறன்” என்றாள்.

அவள் சாட்சிக் கூண்டில் ஏறினாள். முன்வரிசையில் விஜிதரன் இருந்தான், அதே படிய வாரிய தலையோடு. அவனுடைய சட்டத்தரணி எழுந்தார்.

“நீங்கள் முடி வெட்டுபவர். கோபத்தில் ஒரு பெண் தன் முடியைத் தானே வெட்டிக்கொள்ள முடியாதா?”

“ஏலும் ஐயா. அப்பிடி வெட்டிக்கிட்டு என்னட்ட கன பேர் வந்திரிக்காங்க.”

“அப்படியென்றால் இதுவும் அதுதான் என்று ஏன் இருக்கக் கூடாது?”

கம்சாயினி தொழிலைப் பற்றிக் கேட்டால் எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொன்னாள். “தானா வெட்டுற ஆள் முடிய முன்னுக்கு இழுத்துத்தான் வெட்டுவா. கண்ணுக்குத் தெரியோணும்தானே? அப்பிடி வெட்டினா முன்முடி கட்டையாகும், பின்முடி நீளமா நிக்கும். இவட தலையில ஆகக் கட்டையான இடம் உச்சிக்குப் பின்னால. வேரோட முடி போன இடமும் அங்கதான். மேலுக்கும் பின்னுக்கும் இழுத்துப் பிடிச்சு, பின்னால நிண்டு வெட்டின வெட்டு அது.”

“அதை அந்தப் பெண்ணே பிடித்து இழுத்திருக்கலாமே?”

கம்சாயினி தன் கொண்டையை அவிழ்த்தாள். மன்றத்தில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. அவள் தன் முடி முழுவதையும் இடக்கையில் சுற்றி, உச்சிக்குப் பின்னால் இழுத்துப் பிடித்தாள். வலக்கையில் கத்தி இருப்பது போல் மடக்கி, தலைக்குப் பின்னால் கொண்டுபோனாள். கை எட்டியது. அறுக்கப் பார்த்தபோது முழங்கை தோளில் இடித்து நின்றது. இன்னொரு பக்கமாக முயன்றாள். மடக்கிய கை, முடியைப் பிடித்திருந்த தன் விரல்களிலேயே போய் முட்டியது.

“இப்பிடி வெட்டினா முதல்ல என்ட விரல்தான் போகும் ஐயா,” என்றாள். “அண்டைக்கு அந்தப் புள்ளட கையில ஒரு கீறல்கூட இல்ல.”

நீதவான் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டத்தரணி தாளைப் புரட்டினார். “அன்றே இதை அவருடைய கணவரிடம் சொன்னீர்களா?”

“இல்ல ஐயா.”

“ஏன்?”

“பயந்திட்டன்,” என்றாள் கம்சாயினி. அவிழ்த்த முடி தோளில் கிடந்தது. “தெரியும். தெரிஞ்சிதான் பேசாம இரிந்தன்.”

கட்டளை ஓராண்டுக்குக் கிடைத்தது. விஜிதரன் நிருஷாவுக்கும் அவள் வேலைசெய்கிற இடத்துக்கும் கிட்ட வரக் கூடாது. முதலில் அந்த ஆய்வுகூட வேலை வேறொருவருக்குப் போயிருந்தது. இரண்டு மாதம் கழித்து அவர் விலகியதும் நிருஷாவைக் கூப்பிட்டார்கள். நகரத்தில் ஒரு சிநேகிதியோடு அறை எடுத்திருக்கிறாள்.

நெற்றி முடி கண்ணில் விழும்போதெல்லாம் அவள் ஆரையம்பதிக்கு வருகிறாள். உச்சிக்குப் பின்னால் வேரோடு போயிருந்த இடத்தில் முடி முளைத்துவிட்டது. வளர்க்கலாம், பழையபடி நீளமாக்கலாம் என்று கம்சாயினி ஒருமுறை சொன்னாள். நிருஷா கண்ணாடியில் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். “இதுதான் வேணும் அக்கா. இந்த முறை கன்னத்துப் பக்கம் இன்னும் கொஞ்சம் கட்டையா வெட்டுங்க,” என்றாள்.

மாதத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ சலூனுக்கு எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் வேகம் குறைந்து போகிறது. கம்சாயினி நாளையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் குறித்துக்கொள்கிறாள். யன்னல் திரையை இழுப்பதில்லை. கதிரையில் யாராவது இருந்தால், வெட்டிக்கொண்டே இருக்கிறாள்.